பேரேட்டில் கடவுளுக்கு எந்தப் பக்கம்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் ரெடிமேடு துணி மொத்த வியாபாரம் பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "தொழில், பணம், கடவுள் நம்பிக்கை மூன்றையும் சேர்த்துப் பேசும் புத்தகங்களில் எதைப் படிக்கலாம்? எங்கள் அப்பா சிறிதாக ஆரம்பித்த கடை சாமி அருளால் வளர்ந்த கதையை நானே ஒரு புத்தகமாக எழுத நினைக்கிறேன். அதை எப்படி எழுதுவது?"

எழுதுங்கள் தம்பி, கட்டாயம் எழுதுங்கள். மண்ணடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் சில வியாபாரிகள் தங்கள் வாழ்க்கையை எழுதிக் கொண்டுவந்து கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

இந்த வகைப் புத்தகங்களை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று, நம்பிக்கையை வரவுப் பக்கத்தில் எழுதுவது: கும்பிட்டேன், கொட்டியது, நம்பினேன், நடந்தது. இன்னொன்று, நம்பிக்கையைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது: கடவுளுக்குப் பயந்ததால் இந்த லாபத்தை விட்டேன், இந்த எடையைக் குறைக்கவில்லை, இந்தக் கூலியில் பிடித்தம் செய்யவில்லை, இவ்வளவை எடுத்து வெளியே கொடுத்தேன். முதல் வகை நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. இரண்டாம் வகை குறைவு, ஆனால் நம்முடைய பழைய நூல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. படிப்பதற்கும் சரி, எழுதுவதற்கும் சரி, இரண்டாம் வகையைத்தான் சொல்வேன்.

முதல் வகையில் என்ன குறை? நம்பிக்கையோடு கடை போட்டு, நம்பிக்கையோடே கடையை மூடியவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. ஒரே தெருவில், ஒரே கோயிலுக்குப் போய், ஒரே மாதிரி உழைத்த பத்துப் பேரில் ஒருவர் பெரிய ஆளாகிறார். அவர் எழுதும்போது தன் பக்திதான் காரணம் என்கிறார். மற்ற ஒன்பது பேருடைய பக்தி எங்கே போனது? அதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருக்காது. அதைவிடக் கொடுமை, நொடித்துப்போனவர் அதைப் படித்தால் தன் நம்பிக்கையில்தான் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார். பணம் போன வீட்டில் அந்தக் குற்ற உணர்வையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய பாவம் என்று நினைக்கிறேன்.

எந்தப் பணப் புத்தகத்தை எடுத்தாலும், அது யார் காசில், யாருக்காக அச்சானது என்று பாருங்கள். பாபிலோன் நகரத்துப் பணக்காரனை வைத்து ஜார்ஜ் கிளேசன் எழுதிய கதைகள் உலகம் முழுக்கப் போயின. சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கை முதலில் உனக்கென்று எடுத்து வை என்பது அதன் முக்கியமான பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அந்தக் கதைகள் 1926 முதல் சிறு பிரசுரங்களாக வந்தபோது, அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும்தான் அவற்றை வாங்கி மக்களுக்குக் கொடுத்தன. சேமித்த பணத்தை எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விருப்பம் இருந்தது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். இன்னொன்று, அது மாதச் சம்பளக்காரனை மனதில் வைத்த பாடம். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் பத்தில் ஒன்று எடுத்து வை என்றால் எதிலிருந்து எடுப்பார்? அவருக்கு வேண்டியது, மற்ற பத்து மாதத்தில் எவ்வளவு ஒதுக்கினால் அந்த இரண்டு மாதம் தாங்கும் என்று கணக்குப் போடச் சொல்லித்தரும் புத்தகம்.

கணக்கு என்றதும் ஒரு சோதனை சொல்கிறேன். பணத்தைப் பற்றிய புத்தகம் என்றால் எங்காவது ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும். நம் பக்கத்துத் தண்டலையே, அதாவது தினம் தினம் கட்டி அடைக்கும் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்று பேச்சு. கையில் 8,500 வருகிறது. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே வட்டி, 15 வட்டி' என்று நினைக்கிறோம். ஆனால் 8,500 ரூபாயும் 100 நாளும் நம் கையில் இருப்பதில்லை. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம்மிடம் இருப்பது சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். ஒரு வருஷத்துக்கு நீட்டினால் 125 சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காலையில் பணம் கொடுத்து மாலையில் வாங்கும் ரன் வட்டி வரைக்கும் இன்னும் நடக்கிறது. மனதைத் திடப்படுத்து, பிரபஞ்சம் உனக்குக் கொடுக்கும் என்று 200 பக்கம் எழுதும் ஆசிரியர் இப்படி ஒரு பக்கக் கணக்கு எழுதியிருந்தால், அவர் வாசகரை மதிக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் எதைப் படிப்பது? முதலில் உங்கள் வீட்டிலேயே இருப்பதைப் படியுங்கள். அதாவது உங்கள் மத நூலையே, வியாபாரியின் கண்ணோடு ஒருமுறை. அடுத்த மதத்துக்காரர் நூலையும் அதே கண்ணோடு. நம்முடைய ஏரியாவில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஒரே தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்குப் போகிறவரும், மண்ணடிப் பள்ளிவாசலில் லுஹர் என்ற மதியத் தொழுகை தொழுகிறவரும், ராயபுரம் சர்ச்சுக்குப் போகிறவரும், தீபாவளிக்குப் புதுக் கணக்கு நோட்டை வைத்துப் பூஜை செய்யும் சௌகார்பேட்டை சேட்டும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்குகிறார்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணை போட்டுக் கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், எழுதுகிறவர் நியாயமாக எழுதட்டும், கடன் பட்டவர் சொல்லச் சொல்ல எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறியதோ பெரியதோ எழுதுவதற்குச் சலிக்காதீர்கள் என்று போகிறது. கடன் பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவர் இஷ்டத்துக்கு எழுதி, வாங்கியவர் கைநாட்டு வைப்பதற்கு நேர் எதிரான ஏற்பாடு. வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கும் வசனம் இதற்குச் சற்று முன்னால், 275-இல் வருகிறது.

விவிலியத்தில் நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் ஆரம்பிப்பதே 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்றுதான். லூக்கா 14-இல், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பணம் இருக்கிறதா என்று செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிறார். அவர் அங்கே பேசுவது தன்னைப் பின்பற்றி வருவதற்கு என்ன விலை என்பதைப் பற்றி. அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது நாம் கடை எடுப்பதற்கு முன்னால் போடும் அதே கணக்கு.

திருக்குறளில் பொருள்செயல்வகை அதிகாரத்தை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். நான் வியாபாரிகளுக்குச் சொல்வது வேறு இரண்டு. நடுவுநிலைமையில் 120-ஆவது குறள்: 'வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்.' அடுத்தவர் பொருளையும் தன் பொருள்போல் பார்த்தால் அதுதான் வியாபாரம் என்கிறார். அப்புறம் 463: 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்.' பெரிய லாபம் வரும் என்று சொல்லி முதலையே பணயம் வைக்கச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் புத்தியுள்ளவர் தொடமாட்டார். ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, இரட்டிப்பு ஸ்கீம் என்று நம் தெருக்களில் பணம் போன கதைகள் எத்தனை! அவற்றில் பாதி, ஒரு சாமி படத்தைச் சுவரில் மாட்டிய ஆபீஸில்தான் நடந்தன.

நம் வடசென்னைக்கென்றே ஒரு கதை இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். பெரியபுராணத்தில் கலிய நாயனார். திருவொற்றியூர்க்காரர். சக்கரப்பாடித் தெருவில் செக்கு வைத்து எண்ணெய் வியாபாரம் செய்த பெரும் பணக்காரர். கோயிலுக்கு உள்ளும் புறமும் விளக்கேற்றுவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். அதிலேயே கைமுதல் கரைந்தது. பிறகு சொந்தக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கேற்றினார். அவர்களும் கொடுப்பதை நிறுத்தியதும், அடுத்தவர் செக்கில் எள்ளாட்டும் கூலி வேலைக்குப் போனார். அந்த வேலைக்கு ஆட்கள் பெருகிவிட்டதால் கூலியும் கிடைக்காமல் போனது என்று சேக்கிழார் எழுதுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பக்திக் காவியத்தில் கூலிச் சந்தை எப்படி இயங்குகிறது என்று ஒரு வரி! கடைசியில் மனைவியை விற்கப் பார்த்ததும், அதுவும் முடியாமல் தன் ரத்தத்தையே எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றக் கழுத்தை அறுக்கத் துணிந்ததும், அப்போது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மனைவியை விற்கத் துணிந்தது எனக்கு ஏற்புடையதல்ல, எந்தப் பக்தியும் அதை நியாயப்படுத்தாது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தக் கதை கடவுளைக் கும்பிட்டால் எண்ணெய்க் கடை பெருகும் என்று சொல்லவில்லை. கும்பிட்டவருடைய கடை மூழ்கியது என்று ஒளிக்காமல் சொல்கிறது. அதே திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கம்தான், வணிகக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் விட்டுப்போன பட்டினத்தாரின் சமாதியும் இருக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் ஊரில், லாபத்தைப் பக்தியின் சான்றிதழாக எழுதுவது எப்படிப் பொருந்தும்?

இன்னொருவர் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்து கந்தகோட்டத்து முருகனைப் பாடிய ராமலிங்க அடிகள், நம் வள்ளலார். 1854-இல் அவர் எழுதிய 'மனுமுறைகண்ட வாசகம்' என்று ஒரு உரைநடை நூல் வந்தது. அதில் மனுநீதிச் சோழன், தான் என்ன பாவம் செய்தேனோ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுப் புலம்புகிறான். அந்த நீளமான பட்டியலில் 'வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ' என்று ஒன்று, 'பொருளை இச்சித்துப் பொய் சொன்னேனோ' என்று ஒன்று. முதலாளியாக இருக்கும் யாரும் அந்த முழுப் பட்டியலையும் வருஷத்துக்கு ஒருமுறை, கணக்கு முடிக்கும்போது வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் பார்த்த பல மேலாண்மைப் புத்தகங்களில் கூலி என்பது குறைக்க வேண்டிய செலவு. இங்கே அதைக் குறைத்தேனோ என்பதே கேள்வி.

வெளிநாட்டு ஆய்வு நூல்களில் ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபரை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். சிக்கனமும் கடமை உணர்வும் கலந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவின் மனப்போக்கு எப்படி முதலாளித்துவத்துக்குத் துணை போனது என்று 1904, 1905-இல் எழுதினார். வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். ஆனால் ஜைனரும் முஸ்லிமும் நாடாரும் செட்டியாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதே கடும் உழைப்போடு கடை நடத்தும் பாரிமுனையில் வாழ்கிறவருக்கு, ஒரு மதத்துக்கு மட்டும் வியாபாரப் புத்தி உண்டு என்று யார் சொன்னாலும் ஒட்டாது. 1973-இல் வந்த ஷூமேக்கரின் 'சிறியதே அழகு' எனக்கு இன்னும் நெருக்கம். பர்மாவில் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். அதில் பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. வேலை என்பது பொருளை உண்டாக்குவதோடு, மனிதன் தன் திறமையை வளர்த்துக்கொள்ளவும் அடுத்தவரோடு சேர்ந்து உழைத்துத் தன்னலத்தைக் குறைத்துக்கொள்ளவும்தான் என்கிறார். தையல் யூனிட் வைத்திருப்பவர் அந்த ஒரு கட்டுரையையாவது படிக்கலாம்.

சரி, எழுதுவதற்கு வருவோம்.

உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார், அதுவும் பெரம்பூரில் பிறந்தவர். 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரக் குடும்பம். புதுச்சேரி போய், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக உயர்ந்தவர். 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தினப்படி நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் போனது, துணிக்கு என்ன பேச்சு நடந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று, பேச்சுத் தமிழிலேயே. ஜோசியம் பார்த்ததும் அதில் உண்டு, கூடவே விலையும் உண்டு. மதம் அவருடைய தொழிலைத் தொட்ட இடமும் உண்டு. அவருடைய மாமா நைனியப்பப் பிள்ளை முன்பு அதே ஊரில் பெரிய தரகராக இருந்து, கிறிஸ்தவப் பாதிரிமாரின் எதிர்ப்புக்கும் ஆளாகி, 1717-இல் சிறையிலேயே இறந்தவர். 1746-இல் அந்தத் துபாஷ் பதவியில் இருந்த கனகராய முதலியார் காலமானபோது, கிறிஸ்தவரல்லாத ஒருவரை அந்தப் பதவியில் வைக்கலாமா என்ற பிரச்சினை மறுபடி கிளம்பியது. அத்தனையையும் கடந்து அந்த நாற்காலிக்கு வந்த மனிதர் எழுதிய பக்கங்களில் உபதேசம் மிகக் குறைவு. நடந்ததுதான் நிறைய. அதனால்தான் இன்றைக்கும் அதைப் படிக்கிறோம்.

நீங்களும் அப்படியே நடந்ததிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் பழைய நாள்வழி, பேரேடு, பில் புத்தகம், கடன் நோட்டு எது மிச்சமிருந்தாலும் எடுத்து வையுங்கள். முதல் பக்கத்து மூலையில் பிள்ளையார் சுழியும் மஞ்சளும் இருக்கும். அதற்குக் கீழே என்ன தொகை, யாரிடம் கொள்முதல், எவ்வளவு கடனுக்கு என்று பாருங்கள். நெல்லை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி எண்ணுவது நம் வழக்கம். அந்த மாதிரி வழக்கங்கள் உங்கள் கடையில் என்னென்ன இருந்தன? வெள்ளிக்கிழமை கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டினாரா? அம்மன் கூழுக்கு எவ்வளவு கொடுத்தார்? வியாபாரம் படுத்த வருஷத்திலும் கொடுத்தாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் பேரேட்டில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதினால், சாமி அருள் என்று நூறு முறை எழுத வேண்டியதில்லை.

அடிபட்ட காலங்களுக்கு நிறைய இடம் கொடுங்கள். 2015 டிசம்பர் மழையில் குடோனுக்குள் தண்ணீர் வந்ததா? 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது கல்லாவில் எவ்வளவு இருந்தது, மறுநாள் கூலி எப்படிக் கொடுத்தீர்கள்? 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும், துண்டுச்சீட்டில் ஓடிய வியாபாரம் என்ன ஆனது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரம்ஜானுக்கென்று எடுத்து வைத்த சரக்கை என்ன செய்தீர்கள்? அப்போது அப்பா என்ன பிரார்த்தனை செய்தார் என்பதையும் எழுதுங்கள், யாரிடம் கைமாத்து வாங்கினார் என்பதையும் எழுதுங்கள். 'எல்லாம் அவன் செயல்' என்று அப்பா சொன்னால், எந்த நாளில், என்ன நடந்தபோது சொன்னார் என்று குறித்து எழுதுங்கள். அது அவருடைய வாக்குமூலம், மதிப்புள்ளது. அதை நீங்கள் எடுத்து வாசகருக்கு ஒரு வாக்குறுதியாக மாற்றக் கூடாது. நீங்களும் இப்படிக் கும்பிடுங்கள், இப்படி வளர்வீர்கள் என்ற ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

கட்டிங் மாஸ்டர், தையல்காரர்கள், காஜா பட்டன் போட்ட பெண்கள், சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டிக்காரர், இவர்களில் யாரெல்லாம் இன்னும் இருக்கிறார்களோ அவர்களைப் போய்ப் பாருங்கள். பீஸ் ரேட் எந்த வருஷம் எவ்வளவு, தீபாவளி போனஸ் எப்படி, உடம்பு முடியாமல் போனால் முதலாளி என்ன செய்தார் என்று கேளுங்கள். அப்பாவைப் பற்றி அவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்த அப்பாவோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. அதை வெட்டாமல் போடுங்கள். வியாபாரக் குடும்பங்கள் வெளியிடும் நினைவு மலர்களில் எனக்கு எப்போதும் ஏமாற்றம் தருவது இந்த ஒரு குறைதான்: கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த தொகை கல்வெட்டு மாதிரி இருக்கும், கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று எங்கும் இருக்காது.

அடுத்தவர் கடனை எழுதும்போது ஜாக்கிரதை. உங்கள் அப்பாவிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர் பெயரை அச்சில் போடாதீர்கள். அவர் பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். பெயரை எடுத்துவிட்டால் சம்பவம் ஒன்றும் கெட்டுப்போகாது. உதவியவர்கள் பெயரைப் போடுவதானாலும் அவர்களையோ குடும்பத்தையோ கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அச்சு விஷயம் சுருக்கமாக. டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. பத்து ஃபாரத்துக்குள் அடங்கினால் நல்லது, 160 பக்கம் போதும். இப்போது டிஜிட்டல் அச்சில் குறைந்த பிரதிகளும் போடலாம் என்பதால் முதலில் 200 பிரதிக்கு மேல் போகாதீர்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசம். அதற்கென்று தனியாகக் காசு கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் இடத்துக்குப் போனால், எத்தனை பிரதி, மிச்சப் பிரதி யாருடையது, பதிப்புரிமை யாரிடம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். உரிமை உங்களிடமே இருக்கட்டும். நம் சட்டப்படி அது எழுதியவர் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் நிற்கும். நீங்களே வெளியிடுவதானால், 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் அப்படியே.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், பழைய கட்டிங் மாஸ்டரையும் அம்மாவையும் உட்கார வைத்து ஊரடங்கு அத்தியாயத்தை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தேதியிலும் தொகையிலும் அவர்கள் குறுக்கே பேசும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மறுபடி பேரேட்டைப் பாருங்கள். திருத்தியதைக் கொண்டுவந்தால் நானும் படித்துத் தருகிறேன்.